நாற்சந்தியும் நல்வழியும்

நுழையும்முன்

பள்ளிக்கும் பணிக்கும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் செல்வோர் அனைவரும் நாள்தோறும் ஏதேனும் ஒரு சாலைச் சந்திப்பைக் கடக்கின்றனர். கடக்க ஆகும் நேரம் ஓரிரு நிமிடங்களே. ஆயினும் எதிரெதிர்த் திசைகளில் வரும் பல பயணங்கள் ஒரே இடத்தை நாடும் நேரம் அது. நெரிசல் மிகுந்த புறநகர்ச் சந்திப்பு ஒன்றைச் சீரமைக்கும்போது பொறியாளர்கள் எவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கின்றனர்? போக்குவரத்து தடையின்றி ஓடுவதும் மக்கள் பாதுகாப்பாகக் கடப்பதும் ஒன்றுக்கொன்று பகையா? இவ்வினாக்களுக்கு இக்கட்டுரை விடை தேடுகிறது.

சதுக்கமும் சந்திப்பும்

நான்கு தெருக்கள் கூடும் இடத்தைப் பழந்தமிழர் 'சதுக்கம்' என்று அழைத்தனர். மூன்று தெருக்கள் கூடுமிடம் முச்சந்தி எனப்பட்டது. புகார் நகரின் சதுக்கத்தில், தவறிழைப்போரைத் தண்டிக்கும் பூதம் ஒன்று காவல் இருந்ததாகச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. வழிகள் கூடும் இடம் மக்கள் கூடும் இடம். மக்கள் கூடும் இடத்துக்குக் காவல் வேண்டும் என்னும் எண்ணம் தமிழ் மரபில் தொன்மையானது.

இன்றைய சந்திப்புகளில் அக்காவலைச் செய்பவை சைகை விளக்குகளும் சாலைக் கோடுகளும் நடுத்திட்டுகளும் ஆகும். அவை சரிவர அமையாதபோது ஏற்படும் இழப்பு பெரிது. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நேர்ந்தன; 1,68,491 பேர் உயிரிழந்தனர். அதாவது, நாளொன்றுக்கு ஏறத்தாழ 460 பேர். அவ்வாண்டில் மிகுதியான விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு. இங்கு 64,105 விபத்துகளில் 17,884 உயிர்கள் பறிபோயின. நாடெங்கும் இறந்தோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர். நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். உடலைச் சுற்றி இரும்புக் கூடு இல்லாதவர்களே மிகுதியாக உயிரிழக்கின்றனர் என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

புறநகர்ச் சந்திப்பின் இயல்பு

நகரின் நடுவே உள்ள சந்திப்பில் வாகனங்கள் பெரும்பாலும் மெதுவாகவே செல்கின்றன. ஊர்களுக்கு இடையிலான நெடுஞ்சாலையில் வாகனங்கள் விரைவாகச் சென்றாலும் நடப்பவர் குறைவு. புறநகர்ச் சந்திப்பிலோ இவ்விரண்டும் ஒருங்கே காணப்படுகின்றன. வெளியூரிலிருந்து விரைந்து வரும் பேருந்தும் சரக்கு லாரியும் ஒரு புறம். பள்ளிக்குச் செல்லும் மிதிவண்டி, பயணிகளை ஏற்றி இறக்கும் ஷேர் ஆட்டோ, தண்ணீர் லாரி, தள்ளுவண்டி, சாலையைக் கடக்கக் காத்திருக்கும் முதியவர் ஆகியோர் மறுபுறம். ஒரே சாலையை ஒரு சாரார் கடந்து போகும் வழியாகவும் மற்றொரு சாரார் வாழும் இடமாகவும் கொள்கின்றனர்.

இப்பகுதிகளில் வயல்களும் ஏரிக்கரைகளும் இருந்த காலத்தில் போடப்பட்ட சாலைகளே பின்னர்க் குடியிருப்புகளுக்கு உரிய சாலைகளாயின. வீடுகள் பெருகின, கல்லூரிகளும் தொழிற்கூடங்களும் வந்தன. ஆனால், சந்திப்பின் வடிவம் மட்டும் பழையபடியே நின்றது. எனவே, புறநகர்ச் சந்திப்பைச் சீரமைப்பது, மாறிவிட்ட ஊருக்கேற்ப மாறாத சாலையை மாற்றியமைக்கும் பணியாகும்.

மோதல் புள்ளிகள்

ஒரு வாகனத்தின் பாதை மற்றொரு வாகனத்தின் பாதையோடு சேரும், பிரியும் அல்லது அதனைக் குறுக்கே வெட்டும் இடத்தைப் போக்குவரத்துப் பொறியாளர்கள் 'மோதல் புள்ளி' என்பர். இருவழிப் போக்குவரத்துடைய நான்கு சாலைகள் கூடும் எளிய நாற்சந்தி ஒன்றைத் தாளில் வரைந்து, எல்லாத் திசைகளுக்கும் செல்லும் பாதைகளைக் கோடுகளாக இட்டுப் பார்த்தால் 32 மோதல் புள்ளிகள் தெரியும். அவற்றுள் 16 குறுக்கே வெட்டுபவை, 8 ஒன்றுசேர்பவை, 8 பிரிபவை. முச்சந்தியில் இவ்வெண்ணிக்கை 9 ஆகக் குறைந்துவிடுகிறது. ஒரு கிளை குறைந்தவுடன் புள்ளிகள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குவது வியப்பளிக்கும்.

எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவு கொடியவை அல்ல. ஒரே திசையில் செல்லும் இரு வாகனங்கள் உரசிக்கொண்டால் பெரும்பாலும் சேதம் தகட்டோடு நின்றுவிடும். குறுக்கே வரும் வாகனம் பக்கவாட்டில் மோதும்போதோ அதன் விசை முழுவதும் உள்ளிருப்பவர் மீதே இறங்குகிறது. ஆதலால், குறுக்கே வெட்டும் 16 புள்ளிகளை எவ்வாறு கையாள்வது என்பதே சந்திப்புச் சீரமைப்பின் முதன்மையான வினாவாகும். அதற்கு மூன்று வழிகள் உண்டு: காலத்தால் பிரித்தல், இடத்தால் பிரித்தல், வேகத்தைத் தணித்தல்.

காலத்தால் பிரித்தல்

சைகை விளக்கு செய்யும் பணி இதுவே. ஒரே இடத்தை வெவ்வேறு நேரங்களில் வெவ்வேறு திசையினருக்கு அது பங்கிட்டுத் தருகிறது. பங்கீடு என்றாலே கணக்கு வந்துவிடும்.

பச்சை விளக்கு எரியும்போது ஒரு தடத்தில் ஏறத்தாழ இரண்டு நொடிக்கு ஒரு கார் வீதம் கடக்கும். ஒரு சுற்று 120 நொடி என்றும், நான்கு திசைகளுக்கும் தலா 30 நொடி என்றும் கொள்வோம். மஞ்சள் விளக்குக்கும், எல்லாத் திசைகளிலும் சிவப்பு எரியும் இடைவெளிக்கும், நின்ற வாகனம் நகரத் தொடங்குவதற்கும் ஒவ்வொரு திசையிலும் 5 நொடி கழிகிறது எனின், பயன்படுவது 25 நொடியே. அந்நேரத்தில் ஒரு தடத்தில் 12 கார்கள் கடக்கும். ஒரு மணிக்கு 30 சுற்றுகள். ஆகவே ஒரு தடத்தில் 360 கார்கள். ஒரு சுற்றில் மொத்தம் 20 நொடி, அதாவது ஆறில் ஒரு பங்கு, எவருக்கும் பயன்படாமல் கழிகிறது.

சுற்றின் நேரத்தை 180 நொடியாகக் கூட்டினால் இவ்விழப்பு ஒன்பதில் ஒரு பங்காகக் குறையும். ஆனால், சாலையோரத்தில் நிற்பவர் ஏறத்தாழ மூன்று நிமிடம் காத்திருக்க நேரிடும். பொறுமை இழந்தவர் வாகனங்களுக்கு இடையே புகுந்து கடக்க முற்படுவார். நெரிசலைக் குறைக்க எடுத்த முடிவு இவ்வாறு ஆபத்தைக் கூட்டிவிடுகிறது. எனவே, சுற்றை நீட்டுவதினும் கட்டங்களின் எண்ணிக்கையைக் குறைப்பது சிறந்ததாகக் கருதப்படுகிறது. எதிரெதிர்த் திசையினரை ஒருசேர அனுப்புதல், வலப்பக்கம் திரும்புவோர் காத்து நிற்கத் தனித்தடம் அமைத்தல், சில வலத்திருப்பங்களைத் தவிர்த்துச் சற்றுத் தள்ளி வளைந்து திரும்ப இடமளித்தல் ஆகியன அத்தகையவை. தனித்தடம் இல்லாத சாலையில் வலப்பக்கம் திரும்பக் காத்திருக்கும் ஒரே ஒரு லாரி, நேரே செல்ல வேண்டிய அனைவரையும் தன் பின்னால் நிறுத்திவிடும்.

மஞ்சள் விளக்கும் கணக்கோடு தொடர்புடையதே. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடக்கிறது. மஞ்சள் எரியும் 3 நொடியில் அது 42 மீட்டர் சென்றுவிடும். விரைந்து தாண்டிவிடலாம் என்று எண்ணுபவரும், பச்சைக்கு முன்பே நகரத் தொடங்குபவரும் சந்திப்பின் நடுவே எதிர்ப்படுகின்றனர். எல்லாத் திசைகளிலும் ஓரிரு நொடி சிவப்பு எரியச் செய்வது இவ்விருவரையும் காப்பதற்கே.

தெரிந்து தெளிவோம்

உலகின் முதல் போக்குவரத்துச் சைகை விளக்கு 1868-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இலண்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தின் அருகே நிறுவப்பட்டது. இருப்புப்பாதைப் பொறியாளர் ஜே. பி. நைட் இதனை வடிவமைத்தார். பகலில் அசையும் கைகளும், இரவில் எரிவாயுவால் எரியும் சிவப்பு, பச்சை விளக்குகளும் கொண்ட அதனைக் காவலர் ஒருவர் இயக்கினார். அடுத்த மாதமே எரிவாயுக் கசிவால் அது வெடித்தது. மின்சாரத்தால் இயங்கும் சைகை விளக்கு அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1914-இல் பயன்பாட்டுக்கு வந்தது.

இடத்தால் பிரித்தல்

ஒரே தளத்தில் வெட்டிக்கொள்ளும் சாலைகளை வெவ்வேறு தளங்களில் அமைத்துவிட்டால் குறுக்கே வெட்டும் புள்ளிகள் மறைந்துவிடும். மேம்பாலமும் சுரங்கப்பாதையும் இவ்வகையின. சென்னையின் முதல் சாலை மேம்பாலமான அண்ணா மேம்பாலம் 1973-இல் திறக்கப்பட்டது.

இம்முறையின் விரிந்த வடிவத்தைக் கத்திப்பாராவில் காணலாம். அண்ணா சாலை, விமான நிலையத்தையும் தாம்பரத்தையும் நோக்கிச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலை, கோயம்பேட்டை நோக்கிச் செல்லும் உள்வட்டச் சாலை, பூந்தமல்லிக்குச் செல்லும் சாலை ஆகியன கூடும் இடம் அது. முன்னர் அங்கு நேரு சிலையை நடுவில் கொண்ட ரவுண்டானா இருந்தது. ரவுண்டானா ஒன்று மணிக்கு ஏறத்தாழ 3,000 வாகனங்கள் வரையே சீராகத் தாங்கும் என்பது இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வகுத்த பழைய வரையறை. சென்னையின் தெற்கு வாயிலில் வாகனங்கள் அவ்வளவைக் கடந்து பெருகியபோது, அங்கு நான்கிதழ்ப் பூவைப் போன்ற வடிவமைப்பைத் தழுவிய மேம்பாலம் கட்டப்பட்டு 2008-இல் முழுமையாகப் பயன்பாட்டுக்கு வந்தது.

நான்கிதழ் அமைப்பின் நுட்பம் எளியது. நேரே செல்வோர் மேலும் கீழுமாக ஒருவரையொருவர் தொடாமல் கடக்கின்றனர். வலப்பக்கம் செல்ல வேண்டியவர் வலப்பக்கம் திரும்புவதில்லை. அவர் சந்திப்பைத் தாண்டிச் சென்று, இடப்பக்கமாக முக்கால் வட்டம் சுழன்று, தாம் விரும்பிய சாலையில் இணைகிறார். எதிர்வரும் வாகனங்களைக் குறுக்கே வெட்டும் தேவை எவருக்கும் எழுவதில்லை; பிரிதலும் சேர்தலும் மட்டுமே எஞ்சுகின்றன.

இவ்வமைப்புக்கும் விலை உண்டு. சுழல்பாதைகள் பரந்த நிலத்தைக் கேட்கின்றன, பொருட்செலவும் பெரிது. நிற்காமல் ஓடும் வாகனங்களுக்கு ஏற்ற வடிவம் நடப்பவரைச் சுற்று வழியில் செலுத்துகிறது. சுழல்பாதைகளுக்கு இடைப்பட்ட நிலமும் பயனின்றிக் கிடக்கும். கத்திப்பாராவில் பிற்காலத்தில் மேம்பாலத்தின் அடியிலிருந்த நிலத்தில் பேருந்து நிறுத்தம், வாகன நிறுத்துமிடம், கடைகள், மக்கள் அமரும் இடங்கள் ஆகியன அமைக்கப்பட்டன. அதற்கு 'நகர்ப்புறச் சதுக்கம்' என்று பெயரிடப்பட்டது. வாகனங்களுக்காக மட்டும் கட்டப்பட்ட சந்திப்பு மக்கள் கூடும் இடமாகவும் இருந்தாக வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

எல்லாப் புறநகர்ச் சந்திப்புகளிலும் மேம்பாலம் கட்டுதல் இயலாது, தேவையும் இல்லை. ஒரு சந்திப்பில் மட்டும் தடையை நீக்கினால் நெரிசல் அடுத்த சந்திப்பில் போய் நிற்பதும் உண்டு. நிலமும் பொருளும் குறைவாக உள்ள இடங்களில் மூன்றாம் வழி கைகொடுக்கிறது.

வேகத்தைத் தணித்தல்

ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்த ஒரு நொடி ஆகும் என்றும், உலர்ந்த சாலையில் நல்ல நிலையில் உள்ள வாகனத்தை அவர் ஓட்டுகிறார் என்றும் கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஏறத்தாழ 13 மீட்டருக்குள் முற்றிலும் நின்றுவிடும். 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நிற்க 28 மீட்டர் வேண்டும். அந்த முதல் ஒரு நொடியிலேயே அது ஏறத்தாழ 14 மீட்டர் ஓடிவிடுகிறது. அதாவது, முதல் கார் நின்றுவிட்ட இடத்தில் இரண்டாம் காரின் ஓட்டுநர் இன்னும் பிரேக்கை அழுத்தியிருக்கவே மாட்டார். 13 மீட்டருக்கு அப்பால் சாலையில் ஒரு குழந்தை நின்றிருந்தால், ஒரு கார் அக்குழந்தையைத் தொடாது. மற்றொன்று முழு வேகத்தில் மோதும். மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், 50 கிலோமீட்டர் வேக மோதல் 30 கிலோமீட்டர் வேக மோதலைப் போல் ஏறத்தாழ 2.8 மடங்கு ஆற்றலுடையது. இயற்பியல் பாடத்தில் கற்கும் இச்சமன்பாடு சாலையில் உயிரின் கணக்காகிறது.

'மெதுவாகச் செல்க' என்னும் பலகை மட்டும் வேகத்தைக் குறைத்துவிடாது. சாலையின் வடிவமே ஓட்டுநரை மெதுவாகச் செலுத்த வேண்டும். சிறிய ரவுண்டானா இப்பணியைச் செவ்வனே செய்கிறது. வளைந்து நுழைந்தால்தான் உள்ளே செல்ல முடியும் என்பதால் எவரும் விரைந்து பாய இயலாது. ஒற்றைத் தட ரவுண்டானாவில் வாகனங்களுக்கிடையிலான மோதல் புள்ளிகள் 8 மட்டுமே. குறுக்கே வெட்டும் புள்ளி ஒன்றுகூட இல்லை.

ரவுண்டானா வெற்றி பெற ஒரே ஒரு விதி இன்றியமையாதது. வட்டத்துக்குள் ஏற்கெனவே சுற்றி வருபவருக்கே முதலுரிமை. நுழைபவர் காத்திருந்து நுழைய வேண்டும். இவ்விதி இல்லாதபோது நுழைபவர் உள்ளிருப்பவரை வெளியேறவிடாமல் அடைத்துவிட, வட்டம் முழுவதும் உறைந்துவிடும். பிரிட்டன் 1966-இல் இவ்விதியைக் கட்டாயமாக்கிய பின்னரே ரவுண்டானா நவீன வடிவம் பெற்றது.

அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரை அடுத்த கார்மெல் என்னும் புறநகர் இவ்வழியை முழுமையாகப் பின்பற்றியது. 1990-களின் இறுதியில் தொடங்கிய அந்நகரம், ஜேம்ஸ் பிரைனார்டு மேயராக இருந்த காலத்தில் சைகை விளக்குச் சந்திப்புகளை ஒவ்வொன்றாக ரவுண்டானாக்களாக மாற்றியது. ஏறத்தாழ 1 இலட்சம் மக்கள் வாழும் அந்நகரில் இன்று 150-க்கும் மேற்பட்ட ரவுண்டானாக்கள் உள்ளன. அமெரிக்காவில் இவ்வாறு மாற்றப்பட்ட இருபதுக்கும் மேற்பட்ட சந்திப்புகளை ஆராய்ந்த ஆய்வொன்றில், காயம் விளைவிக்கும் விபத்துகள் ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்தமை கண்டறியப்பட்டது. வாகனங்கள் மெதுவாகச் சென்றபோதும் பெரும்பாலும் நிற்காமல் சென்றதால் காத்திருக்கும் நேரமும் குறைந்தது. நின்று நின்று விரைவதினும் நிதானமாகத் தொடர்ந்து செல்வது முந்திச் சேர்க்கும் என்பது இதன்வழிப் புலனாகிறது.

அகலப்படுத்தினால் போதுமா?

நெரிசல் என்றதும் 'சாலையை அகலப்படுத்துக' என்னும் கோரிக்கையே முதலில் எழுகிறது. அகலமான சாலையில் வேகம் கூடும். நடப்பவர் கடக்க வேண்டிய தொலைவும் கூடும். ஆதலால், அகலப்படுத்தும் முன் இருக்கும் இடம் எவ்வாறு பயன்படுகிறது என்பதைக் காண வேண்டும்.

சந்திப்புக்குச் சற்று முன்னால் அமைந்த பேருந்து நிறுத்தம் ஒரு தடத்தையே அடைத்துவிடுகிறது. அதனைச் சந்திப்பைக் கடந்த பின் வரும் இடத்துக்கு மாற்றினால், பச்சை விளக்கில் கடந்த பேருந்து பிறரைத் தடுக்காமல் நிற்கலாம். ஷேர் ஆட்டோக்களுக்கு நிற்குமிடம் குறித்துத் தந்தால் அவை முனையில் திரளா. தெருவோர வியாபாரிகளை விரட்டுவது தீர்வாகாது. 2014-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களின் வாழ்வாதாரத்துக்குப் பாதுகாப்பளிக்கிறது. நடைபாதையை அடைக்காத விற்பனையிடங்களைத் திட்டத்திலேயே சேர்ப்பதுதான் முறை.

இடப்பக்கம் எப்போதும் தடையின்றித் திரும்பலாம் என்னும் 'ஃப்ரீ லெஃப்ட்' அமைப்பும் மறுஆய்வுக்குரியது. அது ஓட்டுநருக்குச் சில நொடிகளை மிச்சப்படுத்துகிறது. ஆனால், நடப்பவருக்குப் பச்சை எரியும்போதும் அந்த முனையில் வாகனங்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. முனையின் வளைவைச் சற்றே குறுக்கினால் திரும்பும் வாகனத்தின் வேகம் குறையும். கடக்கும் தொலைவும் சுருங்கும்.

எண்ணும் முறையும் எண்ணத்தை மாற்றும். போக்குவரத்துக் கணக்கெடுப்பில் பல்வகை வாகனங்களையும் 'கார் அலகு' என்னும் பொது அளவாக மாற்றுவர். சாலையில் அடைக்கும் இடத்தை நோக்கின் ஒரு பேருந்து இரண்டு அல்லது மூன்று கார்களுக்கு நிகர். ஆனால், அப்பேருந்தில் 50 பேர் பயணம் செய்கின்றனர். காரில் செல்வோர் ஒருவர் அல்லது இருவர். வாகனங்களை எண்ணினால் பேருந்து ஒரு தடையாகத் தெரியும். மனிதர்களை எண்ணினால் அதுவே நெரிசலுக்குத் தீர்வாகத் தெரியும். நடப்பவரோ பல கணக்கெடுப்புகளில் எண்ணப்படுவதே இல்லை. எண்ணப்படாதவர் திட்டத்தில் இடம்பெறுவதும் அரிது.

நடப்பவரின் நேரம்

நடந்து கடப்பவரின் வேகத்தைப் பொதுவாக நொடிக்கு 1.2 மீட்டர் எனக் கொள்வர். 21 மீட்டர் அகலமுள்ள சாலையைக் கடக்க அவருக்கு 17.5 நொடி போதும். ஆனால், ஊன்றுகோலுடன் நடக்கும் முதியவரின் வேகம் நொடிக்கு 0.8 மீட்டர் எனின், அவருக்கு 26 நொடிக்கு மேல் வேண்டும். 18 நொடி மட்டும் தரும் விளக்கு மாறும்போது அவர் சாலையில் 14 மீட்டரைத்தான் கடந்திருப்பார். எஞ்சிய 7 மீட்டரை வாகனங்களுக்கு எதிரே கடக்க வேண்டும். அவர் விதியை மீறவில்லை. விதி அவரை எண்ணிப் பார்க்கவில்லை.

இதற்கான தீர்வுகள் செலவு மிக்கவை அல்ல. சாலையின் நடுவே பாதுகாப்பாக நிற்கும் அளவுக்கு அகலமான நடுத்திட்டு அமைத்தால், அதே முதியவர் ஒரு முறைக்கு 10.5 மீட்டர் கடந்தால் போதும். அதற்கு 13 நொடியே ஆகும். ஒரு நேரத்தில் ஒரு திசையிலிருந்து வரும் வாகனங்களை மட்டும் அவர் கவனித்தால் போதும் என்பது மற்றொரு நன்மை. நடைபாதையின் விளிம்பில் சாய்தளம், பார்வையற்றோர் காலால் உணரும் புடைப்புக் கற்கள், ஒலி எழுப்பும் சைகை ஆகியவற்றையும் சேர்த்தால் சந்திப்பு எல்லாருக்கும் உரியதாகும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய அணுகல்வசதிகளை உரிமையாகவே கருதுகிறது.

கண்ணுக்கு எளிதில் புலப்படாத பணிகளும் உள. இரவில் கடப்பவரின் உருவம் தெரியும்படி விளக்கொளி வேண்டும். முனைகளில் பார்வையை மறைக்கும் விளம்பரப் பலகைகள் அகற்றப்பட வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நீர் தேங்கினால் கோடுகளும் மறையும், பள்ளங்களும் மறையும். ஆகவே, மழைநீர் வடிகால் இல்லாத சந்திப்புச் சீரமைப்பு முழுமை பெறாது.

பிழை பொறுக்கும் சாலை

விபத்து நேர்ந்தவுடன் 'யார் தவறு?' என்று கேட்பது உலக வழக்கு. ஓட்டுநரின் கவனக்குறைவு, நடப்பவரின் அவசரம் என்று விடை கிடைத்ததும் ஆய்வு முடிந்துவிடுகிறது. சுவீடன் நாட்டு நாடாளுமன்றம் 1997-இல் வேறொரு நோக்கை ஏற்றது. சாலையில் எவரும் உயிரிழத்தலோ கடுங்காயம் அடைதலோ ஏற்கத்தக்கதன்று என்பதே அதன் அடிப்படை. மனிதர் தவறு செய்யும் இயல்பினர். அத்தவறுக்கு உயிர் விலையாகாதவாறு சாலையை அமைப்பது அமைப்போரின் கடமை என்று அது வலியுறுத்தியது. விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டிய மக்களின் பொறுப்பு இதனால் குறையவில்லை; அதனோடு வடிவமைப்பவரின் பொறுப்பும் சேர்ந்தது.

இந்தியாவிலும் இவ்வெண்ணம் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்யப்பட்ட திருத்தம், சாலைப் பாதுகாப்புத் தரங்களைப் பின்பற்றத் தவறி அதனால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், சாலையை வடிவமைப்போர், கட்டுவோர், பராமரிப்போர் ஆகியோரையும் தண்டத்துக்கு உரியவராக்குகிறது.

அளந்து செய்தல்

சந்திப்புச் சீரமைப்பு கட்டுமானத்தில் தொடங்குவதில்லை, கவனித்தலில் தொடங்குகிறது. காலை, மாலை நெரிசல் நேரங்களில் வாகனங்களும் நடப்பவரும் எண்ணப்படுகின்றனர். காவல்துறைப் பதிவுகளைக்கொண்டு விபத்துகள் எம்முனையில், எந்நேரத்தில், எவ்வகையில் நேர்ந்தன என்று வரைபடத்தில் குறிக்கப்படுகின்றன. மக்கள் குறுக்கே கடக்கும் இடங்களும் கவனிக்கப்படுகின்றன. நடுத்திட்டின் தடுப்பைத் தாண்டி மக்கள் நாள்தோறும் கடக்கும் ஓர் இடம் இருக்குமாயின், அது அவர்களின் ஒழுங்கின்மையை மட்டும் காட்டுவதில்லை. அங்கு ஒரு கடவை தேவைப்படுவதையும் காட்டுகிறது.

அடுத்து, எளிதில் அகற்றக்கூடிய கூம்புகளையும் தடுப்புகளையும் வண்ணக் கோடுகளையும் கொண்டு புதிய வடிவத்தைச் சில நாள் சோதித்துப் பார்க்கலாம். பேருந்து திரும்ப முடிகிறதா, ஆம்புலன்ஸ் தடையின்றிச் செல்கிறதா என்பன அப்போது தெரிந்துவிடும். குறைகளைக் களைந்த பின்னரே கல்லும் காரையும் கொண்டு கட்ட வேண்டும். கட்டி முடித்த பின்னும் விபத்துகளின் எண்ணிக்கையும் காத்திருக்கும் நேரமும் மீண்டும் அளக்கப்பட வேண்டும். அளக்கப்படாத சீரமைப்பு வெற்றி பெற்றதா இல்லையா என்று கூற எவராலும் இயலாது.

நிறைவாக

காலத்தால் பிரித்தல், இடத்தால் பிரித்தல், வேகத்தைத் தணித்தல் என்னும் மூன்றில் எது சிறந்தது என்பதற்குப் பொதுவான விடை இல்லை. வாகனங்களின் அளவு, கிடைக்கும் நிலம், சுற்றி வாழும் மக்கள் ஆகியவற்றைப் பொறுத்தே விடை அமையும். ஆயினும் எவ்வழியைத் தேர்ந்தாலும் உரைகல் ஒன்றே. மிக விரைவான வாகனம் எத்தனை நொடியில் கடந்தது என்பதைக்கொண்டு சந்திப்பின் தரத்தை அளத்தல் கூடாது. மிக மெதுவாக நடப்பவர் அச்சமின்றிக் கடந்தாரா என்பதைக்கொண்டே அளத்தல் வேண்டும். அவர் கடக்கும் சந்திப்பில் வாகனங்களும் ஒழுங்காகவே ஓடும். ஏனெனில், தன் நேரம் எப்போது வரும் என்று ஒவ்வொருவருக்கும் அங்கே தெரிந்திருக்கும்.

கற்பவை கற்றபின்

1. நாற்சந்தி ஒன்றின் படத்தை வரைந்து, எல்லாத் திசைகளுக்குமான வாகனப் பாதைகளைக் குறித்து, மோதல் புள்ளிகளை மூவகையாகப் பிரித்து எண்ணுக.

2. பள்ளிக்கு அருகிலுள்ள சந்திப்பை ஆசிரியர் துணையுடன் நடைபாதையில் நின்று பத்து நிமிடம் கவனித்து, அதனைக் கடக்கும் வாகனங்களையும் மனிதர்களையும் தனித்தனியே கணக்கிட்டு அட்டவணைப்படுத்துக.

3. அச்சந்திப்பில் முதியோர் பாதுகாப்பாகக் கடப்பதற்குத் தேவையான மாற்றங்களை விளக்கி, உள்ளாட்சி அமைப்புக்கு விண்ணப்பக் கடிதம் ஒன்று எழுதுக.

4. 'விபத்துக்குக் காரணம் மனிதரின் பிழையா, சாலையின் பிழையா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.